வன்னியிலிருந்து வார இறுதியில் சுழியோடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எனக்குத் தெரிந்த பத்துப் பேராவது ஒரே கேள்வியோடு வருவார்கள்: "சனி, ஞாயிறு போய்ச் சுழியோடிவிட்டு வர எது நல்ல இடம்?" வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். நான் பயிற்றுவிப்பாளன் இல்லை. உரிமம் எடுத்து, வருடத்துக்கு நாலைந்து தடவை போய்வருகிற ஆள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரே சொல்லுங்கள், எங்கே போவது?

மே முதல் செப்டெம்பர் வரை என்றால் நிலாவெளி. டிசெம்பர் முதல் மார்ச் வரை என்றால் கற்பிட்டி. ஒக்ரோபர், நவம்பர் என்றால் வீட்டில் இருங்கள், மழை பார்க்கலாம்.

பெரும்பாலானவர்கள் விடுகிற பிழை, இடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு லீவு கிடைக்கிற நாளில் கிளம்புவது. மாதத்தை முதலில் பாருங்கள், இடம் தானாக வரும். இலங்கையின் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் நன்றாக இருப்பது குறைவு. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக்குத் தரை மறைப்பாக இருப்பதால் அங்கே தண்ணீர் அடங்கித் தெளியும். வாடை தொடங்கினால் கதை தலைகீழ்.

கமக்காரப் பிள்ளைகளுக்கு இதை மனதில் வைக்க ஒரு வழி இருக்கிறது. வயலில் சிறுபோகம் நிற்கும்போது கிழக்கே போங்கள். காலபோகத்துக்கு விதைத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது கிழக்குப் பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள். வயலுக்கு மழை கொண்டுவருகிற அதே காற்றுத்தான் நிலாவெளிக் கடலைக் கலக்குகிறது.

இந்த விடயத்தில் வன்னி கொடுத்து வைத்த இடம். கொழும்பில் இருப்பவருக்குக் கிழக்குக் கரை தூரம், மட்டக்களப்பில் இருப்பவருக்கு மேற்குக் கரை தூரம். நாங்கள் நடுவில் இருக்கிறோம். வவுனியாவை மையமாக வைத்தால் இரண்டு பக்கமும் காலையில் வெளிக்கிட்டு மதியத்துக்குள் போய்ச் சேரலாம்.

நிலாவெளிக்கு எப்படிப் போவது?

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். வானிலோ காரிலோ இரண்டு மணித்தியாலம், இரண்டரை என்று வையுங்கள். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளி, அதைத் தாண்டி நிலாவெளி. கிளிநொச்சிக்காரர் ஏ9இல் வவுனியாவுக்கு இறங்கித்தான் திரும்பவேண்டும், அதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம்.

முல்லைத்தீவுக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கரையோரமாகவே கொக்கிளாய், புல்மோட்டை என்று இறங்கினால் கிட்டத்தானே" என்பார்கள். வரைபடத்தில் கிட்டத்தான். இடையில் கொக்கிளாய்க் களப்பு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது, வாகனத்தோடு அதைச் சுற்றித்தான் போகவேண்டும். இரவில் அந்தப் பக்கம் புதிதாக ஓடுகிறவர்கள் வவுனியா வழியே வருவது நல்லது.

ரெயிலை மறந்துவிடுங்கள். வடக்குப் பாதையும் திருகோணமலைப் பாதையும் வேறு வேறு கிளைகள். ரெயிலில் போவதென்றால் மாகோ வரை தெற்கே இறங்கி மறுபடி மேலே ஏறவேண்டும்.

வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வெளிக்கிட்டு, இரவு அங்கே படுத்து, சனி விடியற்காலை கடலில் இறங்குவதுதான் சரியான ஒழுங்கு. சனி காலையில் வெளிக்கிட்டு நேரே கடலுக்குள் போகிறவர்கள் நித்திரையில்லாமல் இறங்குவார்கள், பிறகு படகில் ஓங்காளிப்பார்கள். காலைக் கடல்தான் நல்ல கடல். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறி அலை துள்ளும், அடியில் மணல் கலங்கும்.

புறாமலையில் சுழியோடலாமா?

ஓம். ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புறாமலை என்பது நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் நிற்கும் இரண்டு சின்னத் தீவுகள். மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ரிக்கற் இல்லாமல் இறங்க முடியாது. அடையாள அட்டையைக் கொண்டு போங்கள், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தீவின் கரையோரத்து முருகைக்கல் ஆழமில்லாதது. அதைப் பார்க்கச் சிலிண்டரே தேவையில்லை. முகக்கண்ணாடியும் ஊதுகுழாயும் காற்றுச் சட்டையும் போதும். சுழியோடும் நிலையக்காரர் சிலிண்டர் போட்டு இறக்குவது பெரும்பாலும் சற்று ஆழமான பாறைகளில். படகில் ஏறமுன்னர், "புறாமலையா, வெளிப்பாறையா, பூங்கா ரிக்கற் இந்தக் காசுக்குள் அடக்கமா?" என்று கேட்டு வையுங்கள். இறங்கியபிறகு தகராறு வேண்டாம்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. போயா ஒட்டிய நீண்ட விடுமுறையில் புறாமலைக்குப் போனால் மீனைவிட மனிதரின் கால்கள்தான் அதிகம் தெரியும். அதுவும் முருகைக்கல்லில் ஏறி நின்று படம் எடுக்கிற கால்கள். முருகைக்கல் உயிருள்ளது, வருடத்துக்குச் சில மில்லிமீற்றரோ ஒரு சில சென்ரிமீற்றரோதான் வளரும். ஒரு குதிக்கால் உடைப்பதைக் கட்டியெழுப்ப அதற்குப் பல வருடம் வேண்டும். விடுமுறை இல்லாத சாதாரணச் சனிக்கிழமையில் போங்கள்.

என்ன பார்க்கலாம்? சுறா இருக்கிறதாமே?

இருக்கிறது. செட்டை நுனியில் கறுப்புப் பூசியதுபோல இருக்கும் சிறிய சுறா, ஆள் நீளம்கூட வராது. உங்களைக் கண்டால் அதுதான் முதலில் திரும்பி ஓடும். நான் போன தடவைகளில் பாதிக்கு மேல் அதன் வாலைத்தான் கண்டிருக்கிறேன்.

கடலாமை, திருக்கை, கிளிமீன், களவாய், பாறை இடுக்கில் வாயைத் திறந்து திறந்து மூடுகிற அஞ்சாளை. அஞ்சாளை கடிக்க வருவதாகப் புதியவர்கள் பயப்படுவார்கள். அது மூச்சுவிடுகிறது, அவ்வளவுதான். கையை இடுக்கில் விட்டால் மட்டும் கடிக்கும். கையை எந்த இடுக்கிலும் விடாதீர்கள். சிங்க மீனின் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. நீள முள்ளுள்ள கறுப்பு உருண்டைகள் அடியில் கிடக்கும், அதன் மேல் முழங்காலை ஊன்றினால் அந்த வார இறுதி அதோடு முடிந்தது.

எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் குளத்தில்தான். கடலில் ஏலுமா?

இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் நீந்திப் பழகியவர்கள் கடலில் நன்றாகவே செய்வார்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை வீதம் அளவில் கனமானது, அதனால் உடம்பு தானாக மிதக்கும். சுழியோடும்போது அந்த மிதப்பு இடைஞ்சல், அதை அமுக்கத்தான் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுவார்கள்.

நீந்தவே தெரியாதவருக்கும் வழி உண்டு. "அறிமுகச் சுழியோட்டம்" என்று ஒன்றிருக்கிறது. பயிற்றுவிப்பாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார், 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார். 10 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள யாரும் செய்யலாம். ஆனாலும் என் சொந்த அபிப்பிராயம், தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே பதறுகிறவர் முதலில் இரண்டு மாதம் குளத்தில் பழகிவிட்டு வரட்டும். காசு கட்டிவிட்டோமே என்று பதற்றத்தோடு இறங்குவது உங்களுக்கும் நல்லதில்லை, கூட வருகிறவருக்கும் நல்லதில்லை.

உரிமம் ஒரு வார இறுதியில் எடுத்துவிடலாமா?

முடியாது. முதலாம் படி உரிமத்துக்குப் பாடம், ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு இறக்கம் என்று மூன்று நான்கு நாள் ஆகும். 200 மீற்றர் நீந்திக் காட்டவேண்டும், 10 நிமிடம் மிதந்தும் காட்டவேண்டும். பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துவிட்டு, ஒரு நீண்ட விடுமுறையில் கடல் பகுதியைச் செய்கிறவர்கள் உண்டு. அந்த உரிமத்தோடு 18 மீற்றர் வரை போகலாம், அடுத்த படிக்கு 30 மீற்றர். உரிமம் காலாவதியாகாது. ஆனால் ஒரு வருடம் கடலைத் தொடாமல் இருந்துவிட்டு நேரே ஆழத்துக்குப் போகாதீர்கள், மீள்பயிற்சி ஒன்று செய்துவிட்டுப் போங்கள்.

அந்த ஒக்சிசன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

அதில் இருப்பது ஒக்சிசன் இல்லை. நாங்கள் இப்போது சுவாசிக்கிற அதே காற்றுத்தான், அமுக்கி அடைத்தது. வெறும் ஒக்சிசனைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரும்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைப்பார்கள். எவ்வளவு நேரம் வரும் என்பது ஆழத்தையும் ஆளையும் பொறுத்தது. 10 மீற்றர் ஆழத்தில் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு காற்று செலவாகும், 20 மீற்றரில் மூன்று மடங்கு. புதியவர்கள் பதறிப் பதறி இழுத்து அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். பழகியவர் அதே சிலிண்டரில் ஒரு மணித்தியாலம் கிட்ட ஓட்டுவார். அழுத்தமானியின் முள் 50 பாரைத் தொடும்போது மேலே இருக்கவேண்டும், அதில் பேரம் இல்லை.

காது வலிக்குமாமே?

காது வலிக்கிறது என்றால் ஏதோ பிழையாகச் செய்கிறீர்கள். கீழே இறங்க இறங்கத் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் உள்ளே 'பொக்' என்று ஒரு சத்தம், சமநிலை வந்துவிடும். இதை வலி வருவதற்கு முன்னமே, ஒவ்வொரு மீற்றருக்கும் செய்யவேண்டும். வலி வந்தபிறகு ஊதினால் திறக்காது. ஒரு மீற்றர் மேலே ஏறி மறுபடி செய்யுங்கள்.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் வெட்கத்தில் சொல்லாமல் இறங்கினார். ஆறு மீற்றரில் அவருடைய முகக்கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகி, ஒரு கை காதருகே போய்ப் போய் வந்தது. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது மூக்கிலிருந்து இரத்தம், அடுத்த மூன்று கிழமை ஒரு காது மந்தம். தடிமன் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். தடிமன் குளிசை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் விட்டுப்போனால், மேலே வரும்போது காதுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழி அடைத்துக்கொள்ளும்.

உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது. இறங்கலாமா?

வேறு ஊரில் யாரும் கேட்காத கேள்வி, எங்கள் ஊரில் வருடா வருடம் வருகிறது. இரும்புத் துண்டு தண்ணீர் அழுத்தத்தில் சுருங்கவோ விரியவோ போவதில்லை, ஆகவே தசைக்குள் கிடக்கும் துண்டு தானாக ஒரு தடை இல்லை. காற்று அடைபடுகிற இடங்கள்தான் சிக்கல். நெஞ்சில் காயம்பட்டு நுரையீரல் ஒருமுறை சுருங்கியிருந்தாலோ, நெஞ்சுக்குள் குழாய் வைத்திருந்தாலோ, வெடிச்சத்தத்தில் செவிப்பறை கிழிந்திருந்தாலோ மருத்துவரிடம் எழுத்தில் வாங்காமல் கடலுக்குள் கால் வைக்கக்கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே, காது பரிசோதனை இரண்டும் கேட்டு எடுங்கள்.

அதேபோல இழுப்பு, இருதய வருத்தம், வலிப்பு, கர்ப்பம். கர்ப்பிணிகள் கேள்வியே இல்லாமல் கரையில். நிலையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடு போட்டுவிடாதீர்கள். நான் முதன்முதலில் போன இடத்தில் அந்தப் படிவத்தையே தரவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். அந்த நேரம் எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு கலங்கும்.

முல்லைத்தீவும் மன்னாரும் எங்களுடைய கடல். அதை விட்டுவிட்டு ஏன் நிலாவெளி?

நியாயமான கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும்.

சுழியோடுவது வன்னிக்குப் புதிதில்லை. மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை, அரிப்புக் கடலில் முத்துக்குளித்தவர்கள் காற்றும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், காலில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு பத்துப் பாகம் (ஏறக்குறைய 18 மீற்றர்) வரை இறங்கினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் "கடல்கட்டி" என்று ஒருவர் கரையில் இருந்து மந்திரம் சொல்லுவார். அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இடிந்து, கடல் அரித்து, இன்னும் நிற்கிறது.

இன்றைக்கும் சிலிண்டர் போட்டு இறங்குகிறவர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள், கடலட்டைக்கும் சங்குக்கும். உல்லாசத்துக்கு இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு. முல்லைத்தீவில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் பத்து வருடம் அட்டைக்கு இறங்கினவர். இப்போது வாசற்படி ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் ஏறுவார். "ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் அண்ணை?" என்று கேட்டேன். "நாலு, அஞ்சு. அட்டை கண்டால் ஆறு," என்றார். "மேலே வரும்போது நின்று நின்று வருவீர்களா?" சிரித்தார். "காத்து முடிஞ்சால் மேலை வாறதுதானே தம்பி."

அதுதான் அவருடைய காலை எடுத்தது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். சட்டென்று வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலி, முள்ளந்தண்டில் கட்டினால் கால் போகும். பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவருக்கு நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக ஏறாதே, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில் என்று சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். கூடவே இன்னொன்று: ஏறும்போது ஒருநாளும் மூச்சை அடக்காதே. 10 மீற்றரில் நிரப்பிய நுரையீரல் மேலே வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும்.

ஆக, கடலும் ஆட்களும் எங்களிடம் இருக்கிறார்கள். இல்லாதது ஒழுங்கு. நிலாவெளியில் இருப்பதுபோலப் பயிற்றுவிப்பாளர், வாடகைக் கருவி, அவசரத்துக்கு ஒக்சிசன் பெட்டி வைத்திருக்கும் படகு என்று வரிசையாக நிலையங்கள் முல்லைத்தீவில் இல்லை. தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் "சும்மா ஒருக்கால் இறங்கிப் பார்ப்பம்" என்று ஏறாதீர்கள். அவர்கள் கடலை அறிந்தவர்கள்தான், ஆனால் உங்களை அறியாதவர்கள். மன்னாரின் வடபக்கம், பாக்கு நீரிணை, ஆழம் குறைந்து கலங்கலாகக் கிடக்கும். தென்பக்கம் வங்காலைக் கடலில் முருகைக்கல் உண்டு. ஒருநாள் அந்த அண்ணை போன்றவர்களுக்கே பயிற்சியும் கருவியும் கொடுத்து அங்கே ஒரு நிலையம் வந்தால், முதல் ரிக்கற் எனக்கு.

கற்பிட்டி எப்படி?

வாடை மாதங்களில் எங்களுக்குக் கிட்ட உள்ள நல்ல மேற்குக் கடல் அதுதான். வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், பிறகு பாலாவியில் திரும்பி முனைக்குப் போகும் பாதை. நாலு மணித்தியாலம் கிட்ட எடுக்கும். மன்னாரிலிருந்து வில்பத்துவுக்குள்ளால் குறுக்கு வழி இருக்கிறதென்று சொல்லுகிறவர்களை நம்பி வார இறுதித் திட்டம் போடாதீர்கள்.

அங்கேயுள்ள முருகைக்கல் திட்டு 1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். 1998இலும் 2016இலும் கடல் அளவுக்கு மீறிச் சூடேறி முருகைக்கல் வெளுத்து, ஆழமில்லாத பகுதிகள் பெரிதும் செத்துப்போயின. ஆகவே பழைய படங்களில் உள்ள நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். மீன் கூட்டம் இன்னும் நன்றாக இருக்கிறது. படகில் போகும்போது ஓங்கில் கூட்டம் கண்ணில் படவும் கூடும். பலர் அதற்காகவே போகிறார்கள்.

மட்டக்களப்பில் மூழ்கிய கப்பல் பார்க்கலாமாமே?

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அங்கே மூழ்கடித்தன. அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் உச்ச எல்லையே 40 மீற்றர். தனிப்பயிற்சியும் வேறு வாயுக் கலவைகளும் உள்ளவர்களுக்கான இடம், எங்களுக்கு இல்லை. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாப் பக்கம் 25 மீற்றர் அளவில் கிடக்கிறது. இரண்டாம் படி உரிமம் இருந்தால் அது அருமையான இடம். தூரம் காரணமாக மூன்று நாள் விடுமுறைக்கு வையுங்கள்.

பழைய கதை விருப்பமென்றால் திருகோணமலையிலேயே ஒன்று உண்டு. கோணேசர் கோயில் நிற்கிற மலையின் அடிக் கடலில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் ஐம்பதுகளில் அங்கே இறங்கிப் பார்த்தவர்கள். கடல் அடங்கிய நாளில் சில நிலையங்கள் அந்த மலையடிக்குக் கூட்டிப் போகும். செதுக்கிய தூண் என்று தெரிகிற எதையும் தொடவேண்டாம், எடுக்கவே வேண்டாம்.

கனடாவிலிருந்து மச்சான் ஓகஸ்டில் வருகிறான். கூட்டிப் போகலாமா?

நல்ல மாதம். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கிழக்குக் கடலின் சிறந்த பருவத்தில்தான் வருகிறார்கள். அவரிடம் உரிமம் இருந்தால் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பூங்கா ரிக்கற் அவருக்கு வெளிநாட்டு விலை, முதலே சொல்லிவிடுங்கள்.

முக்கியமானது திரும்பும் விமானம். ஒரே ஒரு தடவை இறங்கினவர் 12 மணித்தியாலம், பல தடவை இறங்கினவர் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. ஞாயிறு மதியம் கடைசி இறக்கம் என்றால் திங்கள் இரவு விமானம் பிரச்சினையில்லை. "அப்படியே நுவரெலியாவையும் பார்த்துவிட்டுப் போவம்" என்பார்கள். அது கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான், அதே இடைவெளி விடுங்கள். வன்னிக்குத் திரும்புவதில் அந்தக் கவலை இல்லை, வழி முழுக்கத் தட்டை.

மாலைதீவு?

அழகுதான். ஆனால் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகவே ஓரிரவு. அங்கே போய் இறங்கி, மறுபடி விமானத்துக்கு 18 மணித்தியாலம் காத்திருந்தால் வார இறுதி எங்கே மிஞ்சும்? ஒரு கிழமை லீவும் காசும் இருக்கிறவர்கள் போகட்டும்.

வீட்டில் விடமாட்டார்கள். அம்மாவுக்குக் கடல் என்றால் பயம்.

2004 டிசெம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோர வீடுகளில் இந்தப் பயத்துக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. "சும்மா பயப்படுறீங்கள்" என்று வாதாடாதீர்கள். என் அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். கரையில் கதிரை போட்டு, தேத்தண்ணியோடு இருத்தினேன். படகு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தா. திரும்பி வந்து நான் சப்பாத்துச் செட்டையைக் கழற்றும்போது, "மீன் ஏதும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு போகும்போது "எத்தனை மணிக்கு மேலை வருவாய்?" என்று மட்டும் கேட்பா. அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, கரைக்கு வந்தவுடன் ஒரு அழைப்பு எடுங்கள்.

எந்த நிலையத்தை நம்புவது?

பெயர் சொல்ல மாட்டேன், வருடத்துக்கு வருடம் ஆட்கள் மாறுவார்கள். போய்ப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். மருத்துவப் படிவம் தருகிறார்களா? படகில் ஒக்சிசன் இருக்கிறதா என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்களா, கோபிக்கிறார்களா? முதல் தடவைக்காரர் எத்தனை பேரை ஒரு பயிற்றுவிப்பாளர் இறக்குகிறார்? இரண்டுக்கு மேல் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். ஒருவருக்கு அடிபட்டால் எங்கே கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள், யோசிக்காமல் பதில் வரவேண்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் உங்கள் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

இன்னொரு சோதனை: காற்று ஏறியிருக்கும் நாளில் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லுகிற நிலையம் நல்ல நிலையம்.

தமிழில் சொல்லித் தருவார்களா?

நிலாவெளியில் தமிழ் பேசும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். தண்ணீருக்குள் எப்படியும் கைப்பாசைதான். கட்டைவிரலை மேலே தூக்கினால் "நல்லது" இல்லை, "மேலே போவோம்" என்று அர்த்தம். முதல் தடவை போகிற எல்லாரும் மீனைக் கண்ட சந்தோசத்தில் கட்டைவிரலைத் தூக்கி, பயிற்றுவிப்பாளர் மேலே கூட்டிக்கொண்டு வந்தபிறகு முழிப்பார்கள். நானும்தான்.

குளிருமா? என்ன உடுப்பு?

பருவத்தில் தண்ணீர் 28, 29 பாகை செல்சியஸ். மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பர் உடுப்பு போதும், அதை நிலையத்திலேயே தருவார்கள். முழுக்கை, முழுக்கால் கேளுங்கள். குளிருக்கு மட்டுமில்லை, சொறிமுட்டைக்கும் பாறைச் சிராய்ப்புக்கும் அது காவல். பெண்பிள்ளைகள் உள்ளே நீளக் காற்சட்டையும் ரி-சேட்டும் போட்டுக்கொண்டு அதற்கு மேல் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதோடு முகக்கண்ணாடி மாட்ட முடியாது. இலக்கம் போட்ட முகக்கண்ணாடி இருக்கிறதா என்று முதலே கேட்டு வையுங்கள். மீசைக்காரருக்கு ஒரு சொல்: மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின் பூசாவிட்டால் கண்ணாடிக்குள் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சாப்பாடு?

முதல்நாள் இரவு கொத்துரொட்டி, காரம், போத்தல் எதுவும் வேண்டாம். காலையில் இரண்டு இடியப்பம், வாழைப்பழம், நிறையத் தண்ணீர். உரிய சாப்பாடு கரைக்கு வந்தபிறகு.

திரும்பும் வழியில் கன்னியாவில் குளிக்கலாமா?

வெந்நீர்க் கிணறு ஏழும் அனுராதபுர வீதிக்குக் கிட்டத்தான், உப்பைக் கழுவ அதைவிட ருசியான இடம் இல்லை. ஆனால் சுழியோடிய கையோடு சூட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. தோலும் தசையும் சட்டென்று சூடேறினால் கரைந்திருக்கும் நைதரசன் அங்கே குமிழியாக வரப் பார்க்கும். மதியம் சாப்பிட்டு, கரையில் சாய்ந்து கிடந்து, பின்னேரம் நாலு மணிபோல வெளிக்கிட்டு வாருங்கள். வாளியில் அள்ளி முதலில் காலுக்கு ஊற்றிப் பாருங்கள், ஏழு கிணற்றிலும் சூடு ஒரேமாதிரி இருக்காது.